மணல் பூதத்தின் நடை

நெவென்கா: விழுங்கிடுச்சு! ஆறு வருஷமா ஒரு வாரம் விடாம பார்த்த தொடர்... கடைசி நாள் பார்த்து கேப்டன் ஓர்லாவை அந்த மணல் பூதம் முழுசா விழுங்கிடுச்சு!

ஸ்லாவ்கோ: டீ ஆறுது, குடி.

நெவென்கா: டீயாம் டீ! கட்டின பொண்டாட்டி குலுங்கிக் குலுங்கி அழறேன், அந்த நேரம் பார்த்து அடுப்படிக்கு ஓடினியே, நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா?

ஸ்லாவ்கோ: தண்ணி கொதிச்சுது...

நெவென்கா: நீ போய்த்தானே அடுப்பையே பத்த வச்சே!

ஸ்லாவ்கோ: சரி விடு. வெறும் கதைதானே.

நெவென்கா: வெறும் கதையா? நம்ம கூபர் பீடி ஊர்லயே எடுத்த கதை! பூதம் வந்துச்சே, அந்த இடம் நம்ம பழைய சுரங்கத்துக்குப் பின்னாடி இருக்கிற மேடு. படம் பிடிக்கறதை எட்டிப் பார்க்கலாம்னா, புதுக் குழி தோண்டறேன்னு மூணு வாரம் ஆளையே காணோம் நீ.

ஸ்லாவ்கோ: நீயும்தான் போர்ட் அகஸ்டாவுக்கு அக்கா வீட்டுக்குப் போயிட்டே.

நெவென்கா: அது... அக்காவுக்கு இடுப்பு வலி. பேச்சை மாத்தாதே. அந்தப் பூதத்துக்குள்ள இருந்தவன் எவனா இருந்தாலும் சரி, இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. என் கையால சுட்ட கறி அடைச்ச புரெக் அவனுக்கு ஜென்மத்துக்கும் கிடையாது!

ஸ்லாவ்கோ: புரெக்குமா? பாவம், சொன்னதைச் செஞ்சான்...

நெவென்கா: பாவமா?

ஸ்லாவ்கோ: இல்ல... நாற்பத்தஞ்சு டிகிரி வெயில். உடம்பு பூரா ரப்பர் தோலு. வேர்வை பூட்ஸுக்குள்ள குளமா நிக்கும். மூக்கு அரிச்சா சொறியக்கூட முடியாது.

நெவென்கா: மூக்கு அரிச்சதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

ஸ்லாவ்கோ: ...ஒரு யூகம்.

நெவென்கா: அப்ப இதையும் யூகி. அந்தப் பூதம் ஏன் இடது காலை இழுத்து இழுத்து நடக்குது?

ஸ்லாவ்கோ: பூதத்துக்கு மூட்டு வலி வரக் கூடாதா?

நெவென்கா: சுரங்க ஏணியிலேர்ந்து விழுந்த மூட்டா?

ஸ்லாவ்கோ: டீ நிஜமாவே ஆறிடுச்சு, சூடு பண்ணிட்டு வரட்டா?

நெவென்கா: ஸ்லாவ்கோ.

ஸ்லாவ்கோ: வந்து...

நெவென்கா: முப்பத்தொரு வருஷமா பார்க்கற நடைய்யா அது!

ஸ்லாவ்கோ: நான்தான். போதுமா? காகிதத்துல கையெழுத்து வாங்கிட்டாங்க நெவா. டீவியில வர்ற வரைக்கும் பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடக் கூடாதாம்.

நெவென்கா: என் கேப்டனை விழுங்க இந்த ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?

ஸ்லாவ்கோ: தங்கமான பொண்ணு. விழுங்கறதுக்கு முன்னாடி, "முட்டி ரொம்ப வலிக்குதா?"ன்னு கேட்டா.

நெவென்கா: அதான் அடுப்படிக்கு ஓடினியா?

ஸ்லாவ்கோ: உன் மூஞ்சியைப் பார்க்கப் பயமா இருந்துச்சு. நீ அழுதா எனக்குத் தாங்காதுடி.

நெவென்கா: ஓடினதுல கடைசி நிமிஷத்தைக் கோட்டை விட்டுட்டே. மணலுக்குள்ளேர்ந்து ஒரு கை வெளியே வருது. கேப்டன் கை.

ஸ்லாவ்கோ: உயிரோடதான் இருக்காளா? அப்பாடா! அப்ப ஏன்டி இப்படி ஊரைக் கூட்டினே?

நெவென்கா: உன் வாயைப் பிடுங்கத்தான். ஆனா வெறுங்கையா வருது. அதான் சப்புன்னு போச்சு.

ஸ்லாவ்கோ: அந்தக் கையை எப்போ படம் பிடிச்சாங்க? என்னை வியாழக்கிழமையே அனுப்பிட்டாங்களே.

நெவென்கா: வெள்ளிக்கிழமை.

ஸ்லாவ்கோ: அது உனக்கு எப்படித் தெரியும்?

நெவென்கா: ...ஒரு யூகம்.

ஸ்லாவ்கோ: சரி, கோபம் போச்சுன்னா கண்ணை மூடு. கையை நீட்டு. நாளைக்கு உன் பிறந்தநாளுக்குன்னு கருவிப் பெட்டியில ஒளிச்சு வச்சிருந்தேன்.

நெவென்கா: என்னது, சில்லுன்னு... யோவ்! இது கேப்டன் ஓர்லாவோட பேட்ஜு!

ஸ்லாவ்கோ: இதுக்காகத்தான் அந்த ரப்பருக்குள்ளயே இறங்கினேன். கிளம்பறப்போ மெதுவா பையில போட்டுக்கிட்டேன். அவங்ககிட்ட நூறு இருக்கும், ஒண்ணு குறைஞ்சா என்ன?

நெவென்கா: ஒண்ணே ஒண்ணுதான்யா இருந்துச்சு! அந்தக் கை இதைப் பிடிச்சுக்கிட்டு வரணும்னுதான் கதை. மொத்தக் கூட்டமும் இதைத் தேடித் தேடிச் செத்துச்சு, நாலு மணி நேரம்! கேப்டனா நடிச்சவ ஊருக்குப் போயிட்டாளாம், கைக்கு ஒரு ஆள் வேணும்னாங்க. நானும் அதே காகிதத்துல கையெழுத்துப் போட்டேன்... அக்காவுக்கு இடுப்பு வலியுமில்ல, ஒரு மண்ணுமில்ல. அந்த நாலு மணி நேரமும் மணலுக்குள்ள புதைஞ்சு கிடந்தது நான்யா!