முப்பத்தொன்றுக்கு எட்டு நாள் இருந்தது

முழக்கம். ஒன்று. இரண்டு. மூன்றாவதற்கு நான் நிலத்தில் கிடக்கிறேன். மகள் எனக்குக் கீழே. காது வெடிக்காதிருக்க வாயைத் திறந்து வைத்திருக்கிறேன். "விழுந்து படுங்கோ! பேபியை மூடுங்கோ!" கத்துவது நான்தான்.

லண்டன், மிச்சம் என்ற புறநகர். ஒரு பூங்கா. சனிக்கிழமை, பகல் இரண்டே கால். வைகிங் நாளாம். தேம்ஸ் வழியே படகில் வந்து ஊர்களை எரித்தவர்கள், பிறகு இந்த நாட்டிலேயே குடியேறியவர்கள். அவர்களைப் போல உடுத்திச் சண்டை பிடித்துக் காட்டுகிறார்கள். அடித்தது முரசு. செத்தவன் எழும்பி ஐஸ்கிரீம் வாங்கப் போனான். சனம் என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்தப் பேபி, அம்மா?" என்றாள் மகள். அவளுக்குப் பதின்மூன்று வயது. நான் அவளைப் பக்கத்துக் கூடாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கூடாரத்துக்குள் ஓர் எலும்புக்கூட்டின் படம். வைகிங். வயது எழுதியிருக்கிறது. முழங்காலில் பழைய முறிவு. கழுத்தில் கோடரி விழுந்த இடம். கொள்ளையடிக்க வந்து செத்தவன். பெயர் தெரியாததால் பள்ளிப் பிள்ளைகள் வாக்குப் போட்டு ஒன்று வைத்தார்களாம். ஒலாஃப். ஆயிரம் வருடம் கழித்தும் அவனுக்குப் பெயர் வைக்க ஆள் இருக்கிறது.

2009 ஏப்ரல். வன்னி, மாத்தளன் கடற்கரை. காலை ஆறு நாற்பது. ஷெல் கூவிக்கொண்டு வருகிறது. "பங்கருக்குள்ள போ அக்கா!" தம்பி கத்துகிறான். அம்மா முதலில் இறங்கிப் பிள்ளையை என் கையிலிருந்து வாங்குகிறா. பிறகு மண். வாய் நிறைய மண். பிள்ளைக்கு இருபத்துமூன்று நாள். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்துத்தான் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். ஷெல்லுக்குள்ளும் அந்த முறையைப் பிடித்துக்கொண்டு இருந்தோம், மடைச் சனங்கள். பங்கரையே மூவருக்கும் குழியாக மூடிவிட்டு ஓடினோம். ஒரு கல்லும் வைக்கவில்லை.

இங்கே அகதி விண்ணப்பத்தில் இறந்தவர்களின் பெயர் கேட்டார்கள். பெயர் இல்லாதவளை எப்படி எழுதுவது? இரண்டு பேர் என்றேன். அதற்குப் பிறகு எல்லோரிடமும் இரண்டு. உலகம் எங்கள் செத்தவர்களை எண்ணவில்லை என்று ஊர்வலங்களில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். நானும் எண்ணவில்லை.

மகளைப் புல்லில் இருத்திச் சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன், நாங்கள் இழந்ததை. வீடு. தையல் மெஷின். கணவரின் இடது காது. அம்மா, நாகேஸ்வரி. தம்பி, சுகந்தன். என் மூத்த மகள், பெயர் வைக்கவில்லை. மூன்று பேர்.