பென்னலூர் சூளைக்குப் போன சாம்பல்

ஹலோ… ஆங், கண்ணப்பன்தான். யாரு?… மரகதமா? இன்னாம்மா, கம்பெனி போனுக்குப் பண்ணிக்கினு… இது மேனேஜர் ரூமு. அவரு எதிர்லயே ஒக்காந்துனு கீறாரு. பவர் ஹவுஸ்லேர்ந்து என்னை ஆள் வுட்டுக் கூப்ட்டாங்க. சாயங்காலம் வூட்டாண்ட வர்றேன், அப்ப…

அழாத. மொதல்ல அழாத. யாருக்கு இன்னா?… மச்சானுக்கா?

ம்… ம்… எப்பத்திலேர்ந்து?… மூச்சு வாங்குதா. ம்… எங்க, ஸ்ரீபெரும்புதூருக்கே இட்டாந்துட்டியா. நல்லதாப் போச்சு. எந்த டாக்டரு?… ஆமாமா, பஸ் ஸ்டாண்டு எதிர்ல. தெரியும். எங்கேர்ந்து பேசற, கம்பவுண்டர் மேஜையிலேர்ந்தா? சரி, சொல்லு.

இன்னாது?… மருந்து குடிச்சிட்டாரா? யாரு சொன்னது?

ஒண்ணுமில்ல சார், தங்கச்சி. வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லியாம். ரெண்டே நிமிஷம் சார்… ஆமா சார், மெட்ராஸ்லேர்ந்து பொல்யூஷன் ஆபீசருங்க வர்றதுக்குள்ள முடிச்சிடறேன்… செங்கல்லா? தொடச்சி டேபிள் மேல வெச்சிட்டேன் சார். நம்ம சாம்பலைக் கலந்து சுட்டதுன்னு சீட்டும் ஒட்டியாச்சு.

சொல்லு மரகதம்… ம்… டாக்டரு வாயத் தொறக்கச் சொன்னாரா… நாக்கு பச்சையா கீதா.

நல்லா பாத்தியா, பச்சதானா?

பச்சையா இருந்தா பூச்சி மருந்துன்றாரா. அதான் மூக்குல டியூப் வுட்டு வயித்தக் கழுவணும்னு… இரு, இரு. மச்சான் இன்னா சொல்றாரு?… பேச முடியலயா. இல்லன்னு தலைய மட்டும் ஆட்டறாரு… ம்.

நேத்து வூட்ல சண்ட கிண்ட ஏதாச்சும்… இல்லம்மா, கேட்டேன். சும்மா கேட்டேன். கோச்சிக்காத. பொண்டாட்டி திட்டினதுக்கு மருந்து குடிக்கறதுன்னா பென்னலூர்ல ஒரு ஆம்பள மிஞ்ச மாட்டான். தெரியும், தெரியும்.

செங்கல் சூளையில இன்னா வேல பாத்தாரு?… லாரிலேர்ந்து சாம்பல் தள்ளினாரா. காஞ்சதா, தண்ணி ஊத்தினதா?… காஞ்சது. மூஞ்சில துணி கட்டினாரா?… ம். சரி. அப்புறம்?

அதுலயா பல்லு வெளக்கினாரு?

… ஆமா… கருப்பா, மாவாட்டம் கீதுன்னு… கரியில வெளக்கிப் பழகினவருதானே… எத்தினி நாளா?… மொத லோடு வந்ததிலேர்ந்தா. நீ?… பாத்திரத்துக்கா. எல்லாப் பொம்பளைங்களும் மொறத்துல வாரிக்கினு போனாங்களா. ம்… நல்லா பளபளன்னு வருதுன்னு சொல்லிக்கினாங்களா. ம்… கை எரியுதா உனக்கு?… தோலு உரியுதா. இன்னிக்கிலேர்ந்து தொடாத. இன்னாத்துக்குன்னு கேக்காத, தொடாத.

இல்ல சார்… சாம்பலைப் பத்தி ஒண்ணும் சொல்லல சார். பாத்திரம் தேய்க்கிறதப் பத்தி… ஆமா சார், ஞாபகம் இருக்கு. யார் கேட்டாலும் சாம்பல்னு மட்டும் சொல்லணும். எந்தச் சாம்பல்னு சொல்லக் கூடாது. தெரியும் சார்.

ஆங், மரகதம்… இருக்கேம்மா, எங்கயும் போவல. நீ டாக்டராண்ட சொன்னியா, சாம்பல்ல வெளக்கினாருன்னு?… சொன்ன. அதுக்கு இன்னா சொன்னாரு?… ஊரே சாம்பல்லதான் வெளக்குது, எவன் நாக்கு பச்சையாச்சுன்னாரா… அவரு சொல்றதும் சரிதான். அவரு அடுப்புச் சாம்பல்னு நெனச்சிக்கினு கீறாரு.

இல்ல சார்… பொதுவா சொன்னேன் சார். இல்ல சார். இல்ல.

போலீசா? எதுக்கு போலீசு?… மருந்து குடிச்ச கேஸ்னா சொல்லி அனுப்பணுமா. ம்… ஊசியா? இன்னா ஊசி?… விஷத்தை முறிக்கிற ஊசி. போட்டுட்டாரா, போடப்போறாரா?… கையில வெச்சினு நிக்கறாரா.

இரு மரகதம். வெச்சிடாத. அப்டியே புடிச்சினு இரு.

சார், அவரு என் தங்கச்சி புருஷன் சார்… மறக்கல சார். இந்த மாசம் என்னை பர்மனெண்ட் பண்றீங்க, நீங்கதான் பேசினீங்க, மறப்பேனா… அதுவும் தெரியும் சார். பின்னாடி ஓடையில கொட்டினோம், மழையில கரைஞ்சு செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போவுதுன்னு ஊரே வந்து கேட்டாண்ட நின்னுச்சு. அதனாலதான் சூளைக்குக் குடுக்கறோம். புரியுது சார்… ஆமா சார், சூளைக்காரரைக் கூட்டியாந்து காட்டினது நான்தான். நிலக்கரிச் சாம்பல்ல கல்லு அறுக்கறாங்களே, இதுவும் அதே மாதிரிதான்னு நீங்க சொன்னீங்க, நானும் சொன்னேன்… இல்ல சார், உங்களைச் சொல்லல. ரெண்டு பேரும்தான் சொன்னோம்.

மரகதம், டாக்டராண்ட போனைக் குடு… கேக்காத, குடு… ஒயரு எட்டாதா? அப்ப அவரை போனாண்ட வரச்சொல்லு… வரமாட்டாரா. நோயாளிக்கு மச்சான் மொறை ஒருத்தன் கூப்புட்றான், இன்னா மருந்துன்னு சொல்றான்னு சொல்லு. ஓடியாருவாரு. போ.

சார், ரெண்டே வார்த்தை… ஆபீசருங்க கேட்டாண்ட வந்துட்டாங்களா? நீங்க முன்னாடி போங்க சார், நான் பின்னாடியே வந்து நிக்கறேன்… இல்ல சார், வெச்சிட்டு வர முடியாது. வெச்சா, மருந்து குடிக்காத ஆளுக்கு அந்த ஊசியப் போட்டுருவாரு, அதுவே உயிருக்கு ஆபத்து.

டாக்டர்? வணக்கம் டாக்டர். கண்ணப்பன், மரகதத்தோட அண்ணன்… இல்ல டாக்டர், மருந்து குடிக்கல. சத்தியமாக் குடிக்கல… ஆமா. ஆமா, நாக்கு பச்சையாத்தான் ஆவும். எங்க பாய்லருக்குள்ள எறங்கிக் கூட்டறவங்களுக்கும் அப்படித்தான் ஆவும். பச்சக்கிளின்னு கிண்டல் பண்ணிக்கினு வெல்லத்தைக் குடுத்து வூட்டுக்கு அனுப்புவோம்… ஆமா, மூச்சும் இப்படித்தான் வாங்கும்… இன்னா சாம்பலா.

நீங்க இன்னும் போகலயா சார்? நான் சொல்லித்தான் ஆவணும்.

சொல்றேன் டாக்டர்.

அது விறகுச் சாம்பல் இல்ல. நிலக்கரியும் இல்ல. பர்னஸ் ஆயில் டாக்டர், தாரு மாதிரி இருக்குமே, அந்தக் கருப்பு எண்ணெய். கம்பெனிக்குக் கரண்டு எடுக்க அதைத்தான் எரிக்கறோம். எரிச்சதும் பாய்லர்ல தங்கறது அது. அதுல வெனேடியம்னு ஒரு உலோகம் வரும், நாக்கைப் பச்சையாக்கறது அதுதான்… வெ-னே-டியம். ஆமா… ஆமா, அதேதான். அந்த ஊசி போடாதீங்க… போடல? சரி. சரி டாக்டர்… எத்தினி பேரா? சூளையில கீற அத்தினி பேரும்தான். அதுல தேய்ச்ச பாத்திரத்துலதான் சோறு துன்றாங்க… வரச்சொல்றேன், எல்லாரையும் வரச்சொல்றேன்… எந்தக் கம்பெனியா? எழுதிக்குங்க. நான்தான் சொன்னேன்னே எழுதிக்குங்க டாக்டர். ஒரகடம் போற ரோட்ல…

ஹலோ?… டாக்டர்?… ஹலோ…

சார், போன் கொக்கிலேர்ந்து வெரல எடுங்க.