இறங்காத கண்ணாடி

காரின் பின்கதவில், ஓரமாக, ஒரு சின்ன முக்கோணக் கண்ணாடி இருக்கும். அது ஏறாது, இறங்காது. பெரும்பாலோர் அதைக் கவனிப்பதே இல்லை. எனக்குப் பிழைப்பே அதில்தான், ஐயா. கார்க் கண்ணாடி மாற்றுகிறவன். என் வேலையில் ஒரு கீறல் விழுந்ததாக இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

அன்று மத்தியானம் அத்தை பட்டறைக்கு ஓடி வந்தார். என் அக்காவைக் கட்டியவரின் அம்மா. காலில் செருப்புகூட இல்லை. வாசலில் நிற்கும் காருக்குள் மகன் மயங்கிக் கிடக்கிறான், கதவெல்லாம் பூட்டியிருக்கிறது, சாவியும் உள்ளேதான் என்றார். அத்தானுக்குச் சர்க்கரை வியாதி. அளவு திடீரென்று குறைந்தால் ஆளைச் சாய்த்துவிடும். பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன்.

வெயிலில் கார் கொதித்துக்கொண்டிருந்தது. அத்தான் ஸ்டீயரிங் மேல் சாய்ந்திருந்தார். விரல்கள் அசைந்தன. பக்கத்து வீட்டுக்காரர் கையில் கல்லோடு நின்றார். நான்தான் தடுத்தேன். உடைத்தால் தூள் கண்ணில் கொட்டும், பின்னாலிருக்கும் சின்னக் கண்ணாடியை முழுசாக எடுத்து, கையை விட்டுக் கதவைத் திறந்துவிடலாம் என்றேன்.

"போனாப் போகுது, உடைச்சிடுப்பா," என்றார் அத்தை.

"காருன்னா அத்தானுக்கு உசுரு. கொஞ்சம் பொறுங்க அத்தை."

அது அத்தானே சொன்ன வார்த்தைதான். அக்காவுக்கு ஆறாம் மாதத்தில் உதிரப்போக்கு கண்டபோது, புதிதாக வாங்கிய இதே கார் வாசலில் நின்றது. சீட்டெல்லாம் கறையாகிவிடும், வாடகை வண்டிக்குச் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் பொறு என்றார். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து பொறுத்தாள். வண்டி வந்தபோது அவளுக்கு ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் அவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடம் முதல் அவரை வெறுத்தேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

சின்னக் கண்ணாடியின் ரப்பரை நிதானமாக நெம்பினேன். பெயின்ட் உரியாதபடி அடியில் துணி கொடுத்துக்கொண்டேன். வேலை தெரிந்தவன் கை வைத்துவிட்டால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கல்லைக் கீழே போட்டார். அத்தை எனக்குக் குடை பிடித்தார்.

விரல்கள் அசைவது நின்றது. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் நெம்பிக்கொண்டிருந்தேன். பிறகு சுத்தியலை எடுத்து முன்கதவுக் கண்ணாடியை உடைத்தேன். ஒரே தட்டு. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்னப்பா செய்வ, உன்னால ஆனதெல்லாம் பாத்துட்ட," என்று அழுதார்.

அந்தச் சின்னக் கண்ணாடி ஏன் கடைசிவரை வரவில்லை என்று கேட்கிறீர்கள். வெளியிலிருந்து நெம்பினால் அது எந்தக் காலத்திலும் வராது, ஐயா. அதைப் பிடித்திருக்கும் கம்பியின் ஸ்க்ரூ கதவுக்கு உள்ளே இருக்கிறது. பெரிய கண்ணாடியை முழுக்க இறக்கி, கதவின் உள்பக்கப் பலகையைக் கழற்றி, அந்த ஸ்க்ரூவை எடுத்துவிட்டால் தானாகக் கையோடு வந்துவிடும். சுலபமான வேலை. கதவு மட்டும் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.