முப்பத்தோரு மடங்கு

“ஹலோ... ஹலோ, கேக்குதா?... ஆங், நான்தாம்மா, குவபாரா. தொயாமாவுலேருந்து. இப்பத்தான் பேசிட்டிருந்தோம், நடுவுல பாட்டப் போட்டுட்டுப் போயிட்டாங்க... ஓ, நீங்க வேற ஆளா? மினேகிஷி சானா? சரி. இன்னைக்கு நீங்க மூணாவது. மறுபடி முதல்லேருந்தா?... சொல்றேன், சொல்றேன்.”

செட்சுகோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தாள். கமபோகோ என்னும் மீன் பண்டம் செய்யும் கடையில் விடியல் தொட்டு மீன் அரைத்த கைகள். எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாதவை. மேசைமேல் கடிதம் விரிந்து கிடந்தது.

“உங்க இன்டர்நெட் கம்பெனிலேருந்துதான் கடுதாசி. என் இணைப்பு வழியா ஒரு பாட்டு அனுமதி இல்லாம பரவியிருக்கு, உரிமைக்காரங்க என் பேரையும் விலாசத்தையும் கேக்கறாங்க, குடுக்கலாமா கூடாதான்னு... ஆமா. ஆமா, ஆமா. சம்மதம்னு ஒரு கட்டம், சம்மதமில்லன்னு ஒரு கட்டம். பதினாலு நாள் தவணை, நாளையோட முடியுது... எதுல குறி போடணும்னு நீங்க சொல்லக்கூடாது. தெரியும்மா. முன்னாடி ரெண்டு பேரும் அதையேதான் சொன்னாங்க.”

“பாட்டா? ‘உப்புக் காற்றில் ஒரு குடை.’ ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொம்பது... நீங்க பொறந்தே இருக்க மாட்டீங்க... பரப்பினேனா? நான் எங்க பரப்பினேம்மா, இன்டர்நெட்ல இறக்கி வாங்கினேன். வாங்கும்போதே குடுக்கவும் செய்யுமாமே அந்த டோரண்ட்டு, அது தெரியாது... இல்ல, பொய் சொல்லக்கூடாது. மொதல்ல தெரியாது. அப்புறம் தெரிஞ்சேதான் விட்டுவெச்சேன்.”

“ஏன்னா... அதை ஏத்திவெச்சவர் ‘வயல் தவளை’ன்னு ஒருத்தர். மனுஷன் யாரோ, எந்த ஊரோ. கீழ ஒரு வரி எழுதியிருந்தார், வாங்கினதும் மூடிட்டு ஓடிடாதீங்க, அடுத்தவங்களுக்காகக் கொஞ்சம் திறந்து வைங்கன்னு. நியாயந்தானே?... சிரிக்காதீங்க. உங்க கல்யாணத்துக்கு ஒருத்தர் பரிசு குடுத்தா, அதுல பாதி மதிப்புக்காவது திருப்பி அனுப்புவீங்களா மாட்டீங்களா?... அதேதான். பாதி போனதும் மூடிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள முழங்கால் ஆபரேஷன். மூணு வாரம் ஆஸ்பத்திரி. வந்து பாத்தா முப்பத்தோரு மடங்கு போயிருக்கு... ஆமா, முப்பத்தொண்ணு. பின்லாந்து, மெக்சிகோன்னு கொடிகொடியா வேற காட்டுது... அணைச்சுட்டேம்மா. அன்னைக்கே அணைச்சாச்சு.”

“கேட்டு வரீங்களா? யாரை?... சரி, இருக்கேன். இருக்கத்தானே செய்யறேன்.”

காத்திருப்போர்க்கான இசை மீண்டும் ஒலித்தது; எட்டுச் சுரங்களே கொண்டு, சென்ற வழியே திரும்பி வரும் இசை. சன்னலுக்கு வெளியே பனி, பெய்யலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது.

“...ஆங், இருக்கேன். ஏம்மா, இப்ப ஒண்ணு வாசிச்சீங்களே, அதுக்கு முறையா அனுமதி வாங்கியிருக்கீங்கல்ல?... சும்மா கேட்டேன். சும்மா... மேலதிகாரியும் சொல்லக்கூடாதுன்னுட்டாரா? நல்லது.”

“என்ன கேட்டீங்க?... ஏன் அந்தப் பாட்டுன்னா...”

அவள் கடிதத்தின் மடிப்பைக் கட்டைவிரலால் நீவினாள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவரிடமும் சொல்லாத சொல் அது. முகமறியாத ஒருத்தியிடம் சொல்வது எளிதாயிருக்கும் என்றுதான் எண்ணினாள். எளிதாயில்லை.

“அதுல இருக்கற குரல் என்னுதும்மா... இல்ல, இல்ல, கரோக்கே இல்ல. அந்த இசைத்தட்டுல. வரியும் நான் எழுதினது. பத்தொம்பது வயசு... நாமிகி ரூரின்னு போட்டிருக்கும், ஆமா. அது இசைத்தட்டுக் கம்பெனி வெச்ச பேரு. நானூறு தட்டுகூட விக்கல. போகச் சொன்னாங்க. பாட்டு, வரி, பேரு எல்லாம் எங்களோடது, விட்டுட்டுப் போன்னாங்க. கையெழுத்துப் போட்டேன், விட்டுட்டு வந்தேன்.”

“...ஒரே ஒரு தட்டு இருந்துச்சு. வெள்ளத்துல போச்சு. அந்தத் தட்டுக் கம்பெனிக்கே போயி இன்னொண்ணு கேட்டேனே! இப்ப போடறதில்ல, நகலும் தர முடியாதுன்னாங்க. அந்தக் கம்பெனிய இன்னொருத்தர் வாங்கிட்டார், இப்ப வெளிநாட்டுப் பசங்க கேக்கறாங்கன்னு மறுபடி போடப் போறாங்களாம், கடுதாசிலயே இருக்கு... இல்லம்மா, நான் சண்டைக்கு வரல. சட்டப்படி அவங்களோடதுதான். நான் எடுத்தது தப்புதான்.”

“சம்மதமில்லன்னா? கோர்ட்டுக்குப் போவாங்க, இல்ல விட்டாலும் விட்டுடுவாங்க... சம்மதம்னா வக்கீல் கடுதாசி நேரா வீட்டுக்கு. ம். கடைலயும் தெரிஞ்சுடும். மீன் அரைக்கற குவபாரா பாட்டுத் திருடியாம்னு... செத்துப்போன என் வீட்டுக்காரருக்கே சொன்னதில்ல நான் பாடினேன்னு. கேட்டிருந்தா, நீயான்னு சிரிச்சிருப்பார்.”

“மினேகிஷி சான், ஒண்ணு மட்டும். இதையாவது சொல்லலாம்ல? கடுதாசில பாடினவர் நாமிகி ரூரி. வரி எழுதினவர்ங்கற இடத்துல வெறும் கோடு. சம்மதம்னு போட்டா... அந்தப் பாட்டு பேருக்குப் பக்கத்துல என் பேரு போகுமா? சொந்தப் பேரு?... எடுத்தவர்ங்கற இடத்துலதான். புரியுது, புரியுது... ஆனா அதே தாள்ல?”

“...போகும். சரி.”

பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள். இரண்டு கட்டங்களும் ஒரே அளவில், ஒரே மௌனத்தில் காத்திருந்தன. ஒன்றில் வட்டமிட்டாள்.

“போட்டாச்சு... எதுலன்னு நீங்களும் கேக்கக்கூடாதாக்கும்! சம்மதத்துல. பேரைச் சரி பாக்கணுமா? எழுதிக்குங்க. குவங்கற எழுத்து, பட்டுப்புழு திங்கற முசுக்கட்டை. பாரா, வெட்டவெளி. செட்சுகோ... ஆமா. தப்பில்லாம எழுதிக்குங்கம்மா... ஒருதடவை குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாதா? சரிம்மா. திரும்ப வேண்டாம்.”

“...என்னது? ஒரு வரி பாடவா? போனுலயா?... அய்யோ, அழைப்பு பதிவாகுதுன்னு ஆரம்பத்துலயே சொன்னது உங்க ஆளுங்கதானே! பதிவாச்சுன்னா அப்புறம் உங்க பேருக்கு ஒரு கடுதாசி வரும், குடுக்கலாமா கூடாதான்னு... சிரிங்க, சிரிங்க. வெச்சிடறேம்மா. கையெழுத்துக்குப் பதிலா என் பேரு முத்திரை குத்தணும், தபாலாபீஸ் மூடிடுவான்.”