கோணல் வீட்டின் கதவு

மதியம் மூன்று மணி. தார் ரோடு வெயிலில் இளகிக்கொண்டிருந்த நேரம்...

சிரிக்காதீர்கள். பேய்க் கதை நடுநிசியில்தான் தொடங்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? நாம் ஏழு பேர் ஒரே விளக்கைச் சுற்றி முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பதுதான் ராத்திரி. நடந்தது பட்டப்பகலில். அதனால்தான் இந்தக் கதை கேட்ட நாளிலிருந்து எனக்குப் பகலிலும் நிம்மதி இல்லை.

ஊருக்கு வெளியே ஒரு ரோடு. பேருந்து கடைசி நிறுத்தத்தில் திரும்பிவிடும். அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் நடை. வழியில் வீடு கிடையாது, கடை கிடையாது, ஒதுங்க நிழல் கிடையாது. ரோடு முடியும் இடத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம். தொலைக்காட்சி நிலையத்தின் பழைய டேப்புகளைக் கொண்டுவந்து கொட்டிய கிடங்கு அது.

என்னோடு படித்த ஒருவன் ஒலிப்பதிவு வேலை பார்க்கிறான். அவனுடைய பெரியம்மா மகள்தான் அந்தக் கிடங்கில் தனியாக உட்கார்ந்து டேப்புகளைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். அவனுக்கு அக்கா. நமக்கும் அக்கா என்றே இருக்கட்டும். நாற்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. பூசணம் பிடித்த டேப்பைப் பெட்டியிலிருந்து எடுப்பாள், ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து மெஷினில் டேப் உரசும் தலையைத் துடைப்பாள், ஓட விடுவாள். அறை முழுக்க புளித்துப்போன வாடை. வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் முடியை விட்டுப் போகாது என்பாள்.

அந்த மாதம் அவளிடம் வந்தது 'கோணல் வீடு'.

உங்களில் யாருக்கும் அது ஞாபகம் இருக்காது. எல்லாரும் சின்னப் பிள்ளைகள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு வரும். அரை மணி நேரம். வீடே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கடிகாரம் பின்னோக்கி ஓடும். கோணல் மாமா என்று ஒருவர், தலையில் பால் காய்ச்சும் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு, ஒரு காலை நீட்டி ஒரு காலை மடக்கி நடப்பார். குடையை விரித்து மேசை விளக்குக்குப் பிடிப்பார். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. ஒவ்வொரு வாரமும் யாரோ கதவைத் தட்டுவார்கள். உடனே மாமா பாடுவார்: "யாரது, யாரது, நேரா வர்றது? கோணலா வா!" திறந்தால் யாராவது விசித்திரமாக நிற்பார்கள். கடிதமே இல்லாத தபால்காரர். தன் நிழலைச் சுருட்டி அக்குளில் வைத்திருக்கும் கிழவர். அப்படி...

இப்போது பார்த்தால் அரை நிமிடம் தாங்காது. அக்காவுக்கும் அப்படித்தான் இருந்தது. ஒட்டுமீசை காற்றில் ஆடுகிறது. சுவர் அட்டை என்று தெரிகிறது. இதற்காகவா உயிரை விட்டோம் என்று நினைத்தாளாம்... நினைத்த உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாளாம்.

ஏனென்றால், அக்கா வீட்டில் அதற்காக ஒரு உயிர் போயிருந்தது.

அப்போது அக்காவுக்கு ஒன்பது வயது. தங்கைக்கு நான்கு. குட்டி என்று கூப்பிடுவார்கள். ஒரு சனிக்கிழமை, நல்ல மழை. அம்மா பின்னறையில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். அவசர வேலை, மெஷின் நிற்காமல் ஓடியது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். காலையில் சைக்கிளை எடுக்கும்போது வெளி கேட்டைச் சாத்தாமல் போய்விட்டார்.

சாயங்காலம் 'கோணல் வீடு' முடிந்த பிறகு அம்மா வந்து பார்த்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. குட்டி இல்லை. தெருமுனையில் மழைநீர்க் கால்வாய் கரை தட்டி ஓடியது. மறுநாள் காலை, பாலத்துக்கு அந்தப் பக்கம் கம்பியில் சிக்கியிருந்தாள். ஒரு செருப்பு காலிலேயே இருந்ததாம்.

எப்படிப் போனாள் என்று கேட்டார்கள்.

"நான் டிவி பாத்துட்டிருந்தேன். அவளே கதவைத் திறந்துட்டுப் போயிட்டா."

ஒன்பது வயதுப் பிள்ளை சொன்னால் யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்? அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்து ஒரே வாக்கியம் சொன்னார். "கேட்டைச் சாத்தியிருந்தா என் புள்ள வாசலோட நின்னிருக்கும்."

அதுதான் கணவனிடம் அவர் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு எல்லாம் மகள் வழியாக. "உங்கப்பாவைச் சாப்பிடச் சொல்லு." "உங்கம்மாகிட்ட மாத்திரை எங்கன்னு கேளு." மூன்று பேர் இருக்கும் வீட்டில், ஒரே அறையில், எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு... இருபத்தொன்பது வருடம். இந்தத் தூது வேலைக்கு ஆள் கிடைக்காமல்தான் அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். அப்பா தினமும் படுக்கப் போகும் முன் மூன்று தடவை எழுந்துபோய் கேட்டை இழுத்துப் பார்ப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு, கடைசியாகக் கேட்டதும் அதுதான். "கேட்டைச் சாத்தியாச்சா?"

அம்மா மகளிடம் சொன்னார்: "சாத்தியாச்சுன்னு சொல்லு."

சொன்னாள். போய்விட்டார்.

சரி... கிடங்குக்கு வருவோம்.

ஒவ்வொரு டேப் பெட்டிக்குள்ளும் ஒரு அட்டை இருக்கும். என்றைக்குப் பதிவு, என்றைக்கு ஒளிபரப்பு என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சனிக்கிழமையின் தேதி போட்ட பெட்டியை அக்கா முதல் நாளே பார்த்துவிட்டாள். தள்ளி வைத்தாள். மற்ற எல்லாவற்றையும் முடித்தாள். கடைசியில் அது ஒன்றுதான் மேசையில் மிச்சம். மதியம் மூன்று மணி. மெஷினில் போட்டாள்.

ஊதல் இசை. சாய்ந்த வீடு. மாமா வந்தார், குடையை விரித்தார். அவளுக்கு அந்தப் பகுதி நன்றாக ஞாபகம் இருந்தது. இப்போது கதவு தட்டும், ஒரு ஆள் முழுப் படிக்கட்டைத் தோளில் சுமந்துகொண்டு வருவான், அதை வைக்க இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வருவான். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்திருந்தாள்.

தட்டியது.

ஆனால் அது ஸ்டுடியோவில் தட்டும் 'டொக் டொக்' இல்லை. உள்ளங்கையால் அறைகிற சத்தம். பட்... பட்பட்... கதவின் கீழ்ப்பக்கத்தில். கூடவே மழை இரைச்சல்.

மாமா பாடவில்லை. கதவைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார்.

"இது நம்ம கதவு இல்லையே..."

ஒரு காலை நீட்டாமல், மடக்காமல், சாதாரண மனிதர் மாதிரி நடந்து முன்னால் வந்தார். முகம் திரை முழுக்க நிறைந்தது. பவுடர் வியர்வையில் வெடித்திருந்தது.

"கண்ணு, உங்க வீட்டுக் கதவு. தங்கச்சி நனையுறா. தாழ்ப்பாளை எடு."

பட்... பட்...

அக்காவின் கை தானாகச் சத்தம் குறைக்கும் திருகுக்குப் போனது. முழுக்கக் குறைத்தாள். அறை அமைதியானது. ஆனால் மெஷினில் ஒலியளவு காட்டும் முள் ஒன்று உண்டு. அது துள்ளிக்கொண்டே இருந்தது. கதவில் விழும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு துள்ளல். மாமாவின் உதடுகள் அசைந்தன. சத்தமில்லாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். முள் துள்ளியது... நின்றது... துள்ளியது... வெகுநேரம் நின்றது... இன்னொரு தடவை, லேசாக.

பிறகு படுத்துவிட்டது.

மாமா தலையிலிருந்து பாத்திரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். டேப் முடிகிற வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

என் நண்பனுக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. கிடங்குக்கு அவன் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தான். அக்கா சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்தாள். அதுவரை ஒருவரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னாள்.

"டிவிக்கு முன்னாடி நின்னு மாமா மாதிரி ஆடிட்டே இருந்தாடா. மறைக்குதுன்னு வெளிய தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன். தட்டினா. நான் டிவி சத்தத்தைக் கூட்டி வச்சேன். முடிஞ்சதும்தான் திறந்தேன்."

அவன் டேப்பை மறுபடி ஓட விட்டான். மாமா பாடினார். கதவைத் திறந்தார். படிக்கட்டுக்காரன் வந்தான், சுற்றிச் சுற்றி வந்தான், விழுந்தான். வேறு ஒன்றும் இல்லை. அக்காவுக்கும் இந்தத் தடவை அதுதான் தெரிந்தது.

அவன் தொழில் புத்தி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டான். படிக்கட்டு உருளும் சத்தத்துக்கு அடியில், சிரிப்புச் சத்தத்துக்கும் அடியில்... மழை. விடாத மழை. நாலு பக்கமும் சத்தம் புகாதபடி பஞ்சுப் பலகை அடித்த ஸ்டுடியோவுக்குள் மழை எப்படி வரும்? அட்டையை எடுத்துப் பார்த்தான். பதிவு செய்தது, ஒளிபரப்புக்கு நாற்பது நாள் முன்பு. கோடையில்.

ஆமாம், சரியாகத்தான் கேட்டீர்கள். குட்டி சாவதற்கு நாற்பது நாள் முன்பு.

சாயங்காலம் இருவரும் வீட்டுக்குப் போனார்கள். அக்காவின் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா... அன்னிக்குத் தாழ்ப்பாள் போட்டது நான்தான்."

"தெரியும்."

ஊசி நிற்கவில்லை.

"அந்தத் தாழ்ப்பாள் நாலு வயசுப் புள்ளைக்கு எட்டுமா? அதுகூடத் தெரியாதா எனக்கு?" நூலைப் பல்லில் கடித்து அறுத்தார். "அதுவும் இல்லாம, அந்த ஆள் டிவில கத்தினானே. தங்கச்சி நனையுறா, தாழ்ப்பாளை எடுன்னு. மெஷினை நிறுத்திட்டுக் கேட்டேன். மூணு தடவை சொன்னான். நாடகம்தானேன்னு மறுபடி மிதிச்சேன்."

அக்கா கேட்டாள்.

"அப்புறம் ஏம்மா அப்பாவை..."

"யாரையாவது சொல்லணுமே. உன்னைச் சொன்னா நீ இருந்திருப்பியா? என்னைச் சொன்னா நான் இருந்திருப்பேனா? அவர் தாங்குவாரு. தாங்கினாரு."

அவ்வளவுதான். அடுத்த சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அப்பா படம் எதிர்ச் சுவரில் தொங்கியது. அதைப் பார்த்து ஒரு வார்த்தையாவது சொல்லுவார் என்று அக்கா வெகுநேரம் நின்றாளாம். சொல்லவில்லை. கடைசியில் மகளைப் பார்த்துச் சொன்னார்: "விளக்கைப் போடு. ஊசி தெரியல."

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிலையத்தில் பழைய நிகழ்ச்சிகளை மறுபடி போட முடிவு செய்துதான் அந்த வேலையையே கொடுத்திருந்தார்கள். அந்த டேப்பைப் போடாதீர்கள் என்று சொல்ல அக்காவிடம் என்ன காரணம் இருந்தது? யார் பார்த்தாலும் படிக்கட்டுக்காரன்தான் தெரிகிறான். போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. அக்கா பார்க்கவில்லை. அம்மா பார்த்தாரா என்று அவள் கேட்கவும் இல்லை.

பத்து நாள் கழித்து நிலையத்துக்கு ஒரு தபால் அட்டை வந்தது. 'கோணல் மாமாவுக்கு' என்று போட்டிருந்ததால் சிரித்துக்கொண்டே கிடங்குக்கு அனுப்பி வைத்தார்கள். அனுப்பியவர் பெயர் இல்லை. ஊர் இல்லை. மாமா வேடம் போட்டவர் செத்துப் பதினோரு வருடம் ஆகிறது என்பது எழுதிய பிள்ளைக்குத் தெரியாது. பென்சிலில், பெரிய பெரிய எழுத்து. என் நண்பன் அதைப் பார்த்திருக்கிறான். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"மாமா, நீங்க கதவைத் திறக்கச் சொன்னீங்கல்ல. நான் உடனே போய் எங்க வீட்டுக் கதவைத் திறந்தேன். ஒரு குட்டிப் பொண்ணு நின்னா. எங்க ஊர்ல மழையே இல்ல, ஆனா அவ நனஞ்சிருந்தா. உள்ள வந்துட்டா. எங்கம்மா துண்டு குடுத்தாங்க. துவட்டத் துவட்ட ஈரம் போகவே மாட்டேங்குது. இப்ப என் கூடத்தான் இருக்கா. அக்கா பாக்கிற டிவி முடிஞ்சிடுச்சா, வீட்டுக்குப் போகலாமான்னு தினமும் கேக்கிறா. முடிஞ்சிடுச்சா மாமா?"