மேசைக்கு மேல ஒரு மணிக்கயிறு

— அதான் சொல்றேன் இனியா, ஞாயித்துக்கெயம நாலு பேரும் வந்தே ஆவணும். மூணு பேருன்னா வேணாம்னுட்டாங்க.

— ஒக்காருங்க ரகுண்ணே. கட்டில்ல துணி கெடக்கு, தள்ளிவிட்டுட்டு ஒக்காருங்க.

— குந்துறதுக்கு நேரமில்ல. நான் சொல்றது காதுல வுயுதா இல்லியா? 'பகடைக்கோட்டை'க்காரங்க நம்மளக் கூப்டுக்கிறாங்க. அவங்க ஸ்டூடியோ, அவங்க மேசை, லைவு. ரெண்டு லச்சம் பேரு பாக்குற ஷோ. இருங்காட்டுக்கோட்டைல தகர ஷீட்டு ரூம்ல ஆடிக்கினு இருந்தவனுங்கள கூப்டுக்கிறாங்கடா.

— கேக்குதுண்ணே.

— மூஞ்சில ஒரு சந்தோசத்தக் காணோமே.

— ஷிப்டு முடிச்சு நேரா வாரேன். இன்னும் ஒறங்கல.

— சரி, இன்னா தேடிக்கினே கீற? இது தமிழ்வாணன் பையாச்சே.

— அவன் பைதான். பட்டன் இல்லாத சட்டையா ரெண்டு வேணும். எல்லாம் பட்டன் வச்சதாவே வாங்கி வச்சிருக்கான், பைத்தியக்காரப்பய.

— ஊருக்குப் போறானா? இப்ப ஆவாது. ஞாயித்துக்கெயம முடிச்சிட்டு செய்யாறுக்கு நானே பஸ் ஏத்தி வுடுறேன்னு சொல்லு. போன் அடிச்சா எடுக்க மாட்டேன்றான், மூணு வாரமா. அதான் உன்னாண்ட வந்தேன். கூட இருக்கிறவன் நீ சொன்னா கேப்பான்.

— மொதல்ல நீங்க சொல்லவந்தத சொல்லி முடிங்க.

— அவங்க கேட்டதே அவனத்தான். 'அந்த அழுவுற பையன் வருவான்ல'ன்னாங்க. நான் உள்ள போயி சேர்ல குந்தக்கூட இல்ல, மொத கேள்வியே அதான்.

— நீங்க என்ன சொன்னிய?

— வருவான்னேன். வேற இன்னா சொல்லச் சொல்ற?

— ஒண்ணும் சொல்லாண்டாம். நம்ம ரூம்ல இதெல்லாம் எப்படி ஆரம்பிச்சுதுன்னு நெனச்சுப் பாத்தேன். போன வருசம் இதே கட்டில்ல ரம்மிதான் போட்டோம். நம்ம நாலாவது ஆளு ஷ்ரவண்தான் ஸ்ரீபெரும்பூதூர்லேருந்து வந்து போன்ல அந்த ஷோவக் காட்டினான். நாலு பேரு மேசையச் சுத்தி ஒக்காந்து வாயாலயே யுத்தம் பண்ணுதாவ. எங்கம்மா கேட்டா, என்னல வெளையாடுதன்னு. ரகுண்ணேன்னு ஒருத்தர் கதை சொல்லுவாரும்மா, நாங்க ஆளுக்கு ஒரு வேசம் எடுத்துக்கிட்டு என்ன செய்யப்போறோம்னு சொல்லுவோம், அது நடக்குமா நடக்காதான்னு பகடை சொல்லும்னேன். இதுக்கா பன்னெண்டு மணி நேரம் பஸ்சுல போனன்னு கேட்டுட்டு போன வச்சிட்டா.

— பகடை ஏது அப்போ? ஸ்வீட் டப்பாவுல இருவது சீட்டு எழுதிப்போட்டு எடுத்தோம். இப்போ பாரு. பென்னலூர்ல ரெண்டு கோஷ்டி, எங்க மண்ணூர்லயே ஒண்ணு, லேடீஸ் ஹாஸ்டல்ல மதிவதனின்னு ஒரு பொண்ணு கத சொல்லுதாம். பஸ் ஸ்டாண்டு ஃபேன்சி ஸ்டோர்ல இருவது மொகப் பகடை சரம் சரமா தொங்குது. எல்லாம் அந்த ஷோ வந்த வாசி.

— வெளையாட வாரவன்தான் கொறஞ்சு போனான். உங்க மண்ணூர் கோஷ்டிக்கு ஒருத்தன் புதுசா வந்தானே, பகடையத் தொடுததுக்கு முன்னாலயே கேமரா எங்கன்னு கேட்டானாம். ஷோல அழுதாவன்னு இவனும் அழ ரெடியா வாரான்.

— பாக்குறவனுக்கு அதான்டா புடிக்குது. நான் இன்னா பண்றது?

— நாமளும் போன் ஸ்டாண்டு வச்சு லைவு போட ஆரம்பிச்சோமே, அன்னைக்கே வேண்டாம்னு சொல்லியிருக்கணும். அதுக்கு முன்னால தமிழ் எப்படி இருந்தான் தெரியுமாண்ணே? ஷிப்டுல எட்டு மணி நேரம் வாயத் தெறக்காதவன், மேசைக்கு வந்தா படைத்தளபதி. அப்படி ஒரு அதிகாரம் குரல்ல. அவன் சிரிச்சு நான் பாத்ததே இந்த மேசைலதான்.

— இல்லேன்னு யாரு சொன்னா? அவன் ஸோக்கா ஆடுவான். அதுக்குத்தானே கூப்புடுறாங்க.

— அந்தக் கயித்தக் கட்டினது யாருன்னு நெனப்பிருக்கா?

— எந்தக் கயிறு?

— தலைக்கு மேல பாருங்க. இன்னும் தொங்குதுல்லா. துணி காயப்போடுத கயிறு, நடுவுல கோயில் கடைல வாங்குன சின்ன மணி.

— தமிழ் கட்டினது. தெரியும்.

— எதுக்குக் கட்டினான்?

— இப்போ இன்னாத்துக்கு அது?

— சொல்லுங்கண்ணே.

— கம்பெனில லைனுக்கு மேல கயிறு கீற மாதிரி. எங்கியாவது தப்பாச்சுன்னா இஸ்தா லைனு நிக்கும். அதுமாதிரி கதை யாருக்காவது தாங்கலன்னா இஸ்துடணும், கத அங்கியே நிக்கணும். ஏன் இஸ்தன்னு கேக்கக்கூடாது. போதுமா?

— லைன்லயாவது மொறைப்பாவ. 'யாருல அது'ன்னு சூப்பர்வைசர் கத்துவாரு. ஆனா நிறுத்திருவாவ. நிக்காத நாளுன்னு ஒண்ணு நான் பாத்ததில்ல. தமிழ் அழுத அன்னைக்கு நம்ம மேசைல மணி எத்தன தடவ அடிச்சிச்சு?

— இனியா, நான் அன்னிக்கே சொன்னேன்ல. அவன் ஆக்டிங் பண்றான்னு நெனச்சுக்கினேன்.

— மூணு தடவ. நான் எண்ணினேன். நீங்க 'ஏரி ஒடைஞ்சிருச்சு, தளபதியோட தம்பி தண்ணில போறான், பகடை போடு'ன்னிய. அவன் போடல, கயித்த இழுத்தான். நீங்க 'தம்பி உன் பேரச் சொல்லிக் கூப்புடுறான்'னிய. மறுபடி இழுத்தான். மூணாவது தரம் இழுக்கும்போது அழுதுக்கிட்டே இழுத்தான். அப்பவும் நீங்க பகடைய எடுத்து அவன் கைல வச்சிய.

— கமெண்டுல எயுதினான் ஒருத்தன், 'பெல் சவுண்டு செம டச்'னு.

— நானும் படிச்சேன். அவன் தம்பி செய்யாறு ஏரில போனது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எனக்கு இன்னா தெரியும்.

— எங்கிட்ட சொன்னதில்ல அவன். ரெண்டு வருசம் ஒரே ரூமு, ஒரே சோத்துச் சட்டி. வீடியோ பரவின பொறவு அவுக அம்மா போன் போட்டு அழுதப்பதான் எனக்கே தெரியும். உங்க கதைல ஏரி எப்படி வந்துச்சுண்ணே? அதுக்கு முந்தின வாரம் வரைக்கும் நாம பாலைவனத்துலல்லா நடந்துக்கிட்டு இருந்தோம்.

— இரு, துணியத் தள்ளிட்டு குந்திக்கிறேன்.

— கேக்கேன்லா.

— ஷேர் ஆட்டோல சொன்னான். ஒரு நாளு மய பேஞ்சிக்கினு இருந்துது. என்னமோ தண்ணியப் பாத்ததும் சொன்னான். அவனுக்கு ஒம்போது வயசு, தம்பிக்கு ஆறு. கைய வுட்டுட்டேண்ணான்னான். யாராண்டயும் சொல்லாதண்ணான்னான்.

— சரி.

— திட்டுறதுன்னா திட்டிடு. ஷோல எல்லாத்தையும் பாத்தேன் நான், நூத்திப்பத்து எபிசோடு. எது ஓடுதுன்னு பாத்தேன். சண்ட போட்டா ஓடல, மாயாஜாலம் ஓடல. மெய்யாலுமே ஒருத்தன் ஒடைஞ்சான்னா அதுதான் ஓடுது. நம்மள அறுவது பேரு பாத்துக்கினு இருந்தாங்க. மொத மணிக்கு நானூறு ஆச்சு. ரெண்டாவது மணிக்கு ரெண்டாயிரம். எனக்குத் தெரியும்டா அவன் நடிக்கலன்னு. மொத தடவ இஸ்தப்பவே தெரியும். நம்பர் ஏறிக்கினே இருந்துது, வாயி நிக்கல.

— இத அவன்கிட்ட சொன்னியளா?

— எப்டி சொல்றது? நீ என் நெலமயயும் பாரு. இந்த மாசக் கடைசில என் காண்ட்ராக்ட்டு முடியுது. ஆறு வருசம், ஒரே எடத்துல நின்னு ஒரே போல்ட்ட முடுக்கினவன். ரெண்டு பசங்க பதினெட்டு வயசுல வந்து நிக்கிறானுங்க, என் வேலைய ரெண்டே நாள்ல கத்துக்கினானுங்க. அவங்க ஷோல கதை சொல்றவன் ஒருத்தன் வேணுமாம். ஞாயித்துக்கெயம நல்லா போனா வச்சிக்கிறோம்னாங்க. இத வுட்டா எனக்கு வேற ஒண்ணும் கெடையாது இனியா. மூணு நாளா லீவு சொல்லிட்டு சிட்டிக்கும் இதுக்கும் அலையிறேன்.

— தெரியும். முந்தாநாளு உங்களுக்கு ரெண்டு வாட்டி அடிச்சேன். 'மீட்டிங்'னு மெசேஜ் போட்டிய.

— ஆமா, அப்போ அவங்க முன்னால குந்தினு இருந்தேன். அப்பால கூப்புடணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். ஏன், இன்னா விசயம்?

— உங்க கதைல தம்பிய கொன்னுட்டியளா, இல்ல இன்னும் தண்ணிலதான் கெடக்கானா?

— அத ஞாயித்துக்கெயமக்கு வச்சிருக்கேன். அவன் பகடை போடட்டும். நல்ல நம்பரு வுயுந்தா தம்பி பொழைப்பான். நான் பொழைக்க வச்சிடுறேன்டா, சத்தியமா. எந்த நம்பரு வுயுந்தாலும் பொழைக்க வச்சிடுறேன். அவனுக்கும் மனசு ஆறும். இத மட்டும் அவனாண்ட சொல்லு. எங்க அவன், ஷிப்டா?

— இப்பதான் கேட்டிய.

— இன்னாது?

— அவன் எங்கன்னு. வந்து அரை மணி நேரம் ஆச்சு. எப்படி இருக்கான்னு ஒரு வார்த்த கேப்பியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அதுக்காகத்தான் நானும் வாயத் தெறக்கல.

— இனியா, பேஜாரு பண்ணாத. தமிழுக்கு இன்னா ஆச்சு?

— ஆஸ்பத்திரில கெடக்கான். முந்தாநாளு மத்தியானம். பிரஸ்ஸுல தகடு சிக்கியிருக்கு, எடுக்கக் கைய உள்ள விட்டிருக்கான். வலது கை, மூணு வெரலு. ஒட்டவைக்க முடியாதுன்னுட்டாவ. ஆளு கெடைக்காமதான் ஒங்களுக்கு அடிச்சேன், ஷ்ரவண் வந்து கூட நின்னான்.

— ஐயோ.

— அதான் பட்டன் இல்லாத சட்டை தேடுதேன்.

— எந்த வெரலு? பகடை... பகடை போட முடியுமா அவனால?

— சட்டை போட முடியாதுண்ணே அவனால.

— நான் அப்படிக் கேக்கல. வாய் தவறி வந்துடுச்சு. நானும் வர்றேன், ஆஸ்பத்திரிக்கு. கால்ல வுயுந்துடுறேன். ஷோவும் வேணாம், ஒரு மயிரும் வேணாம்.

— வராண்டாம். இன்னைக்கு வராண்டாம்.

— எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அவங்க லைன்லதான் கயிறு கீதே. எல்லா லைன்லயும் கீது. தகடு சிக்கினா இஸ்துட்டு நிக்கிறதுதானே? எட்டலியா அவனுக்கு?

— தலைக்கு மேலதான் தொங்குது. நானும் அதத்தான் கேட்டேன், ஏம்ல இழுக்கலன்னு. 'கையத் தூக்கினேன் இனியா, எப்படியும் நிறுத்த மாட்டாங்கன்னு தோணிச்சு, அப்படியே உள்ள விட்டுட்டேன்'னான்.