மூன்று மிதி

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. சீனிதான் கொஞ்சம் குறைவு. பரவாயில்லை, என் அளவு மனுவேலுக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்கள் விபத்து என்று எழுதி வைத்திருப்பதாக ஏட்டையா சொன்னார். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். பத்தொன்பது வருஷமாக ஒரே எஞ்சினைப் பார்த்தவன் நான். என் வேலையில் விபத்து என்று ஒன்று நடந்ததே கிடையாது.

ஸ்டெல்லா நாற்பதடிப் பாய்மரப் படகு. ஓனர் சென்னையில் இருக்கிறார். நானும் மனுவேலும்தான் அதை ஓட்டினோம். வெளியே போனதும் பாய் விரித்து, வருகிறவர்களுக்குக் கடலைச் சுற்றிக் காட்டுவோம். கரையை விட்டுப் போகவும் கரை சேரவும் மட்டும் எஞ்சின். மேலே மனுவேல் ஸ்டியரிங் பிடிப்பான். கீழே, புகைக்கும் சூட்டுக்கும் நடுவில், லீவரைப் பிடித்துக்கொண்டு நான். அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது. எஞ்சின் இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினால்தான் காதில் விழும். அதனால் அவன் குதிகாலால் தளத்தை மிதிப்பான். ஒரு மிதி என்றால் முன்னே. இரண்டு மிதித்தால் கியரை எடுத்துவிட வேண்டும். மூன்று மிதித்தால் பின்னே. என் உச்சந்தலைக்கு நேர் மேலே விழும் அந்தக் குதிகால். ஒரு தடவைகூட நான் தப்பாகக் கேட்டதில்லை. அவன் மகள் ஷெர்லினுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன் நான்தான். அவ்வளவு நெருக்கம்.

போன மாசம் ஒரு நாள் கேட்டான்.

“ஏலே ஜோன்ஸ், இந்த லீவரத் தூக்கி மேல ஸ்டியரிங் தூண்லயே மாட்டிருவோமா? இப்ப வார படகுல எல்லாம் அப்படித்தாம்ல இருக்கு.”

“அப்ப நான் எங்கன நிக்க?”

“ஒனக்குத்தான் நெஞ்சு கெட்டுப்போயிட்டுல்லா. டீசல் புகையே ஆவாதுன்னு டாக்டரு சொன்னாருல்ல. மேல வந்து காத்தாட உக்காரு.”

தூணுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு சீட்டும் ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொண்டு வந்தான். “கால் தொங்காம இருக்கும்ல” என்று கேலி செய்தான். நான் குள்ளம். நானும் சிரித்தேன்.

மூன்று நாள் வேலை. தூணில் துளை போட்டு, கியருக்கு ஒரு கேபிள், வேகத்துக்கு ஒரு கேபிள் என்று இரண்டையும் தளத்துக்கு அடியில் எங்கேயும் மடங்காமல் கொண்டுவந்தேன். எஞ்சினை நிறுத்தும் கம்பியை மட்டும் கீழேயே விட்டேன், நீளம் போதவில்லை. அழகான வேலை, போய்ப் பாருங்கள்.

மூன்றாம் நாள் டிரில் பிட் எடுக்க மனுவேல் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி ஜெமிமா மீன் அலசிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

“அண்ணே, இனிமே எஞ்சினுக்கு ஆளே வேண்டாம், நானே பாத்துக்கிடுவேன்னு இவுக ஓனருகிட்ட சொல்லிட்டாவளாம்லா? ஒங்களுக்கு இனி ரெஸ்ட்டுதான்.”

பிட்டை எடுத்துக்கொண்டு படகுக்கு வந்துவிட்டேன், ஐயா. என் இடத்தை என் கையாலேயே கழற்ற வைத்திருக்கிறான். வேறு மெக்கானிக்கை வைத்துச் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். பக்கத்தில் நின்று டார்ச் அடித்துக் காட்டினானே, பாவி. அவனிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்வான், நானும் நம்பிவிடுவேன்.

கியர்க் கேபிளின் முனை கியர்ப்பெட்டியோடு ஓர் ஆணியால் சேர்கிறது. ஆணி நழுவாமல் இருக்க அதன் துளையில் ஒரு சின்னக் கம்பி மாட்ட வேண்டும், ஸ்பிளிட் பின் என்போம். அதை நான் மாட்டவில்லை. மறந்து அல்ல. இதோ என் சட்டைப்பையில்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் நினைத்தது இவ்வளவுதான். புது லீவர் ஒரு தடவை அவனைக் கைவிட வேண்டும். அவன் பழையபடி மிதிக்க வேண்டும். நான் கீழே இருந்து கையாலேயே கியரைத் தள்ளிப் படகைக் காப்பாற்ற வேண்டும். அதற்குப் பிறகு ஆள் வேண்டாம் என்று எவனிடமும் சொல்லமாட்டான். இதில் கெடுதல் என்ன இருக்கிறது, சொல்லுங்கள். ஆனால் ஒன்று. கியருக்கும் வேகத்துக்கும் ஒரே லீவர். கியர்க் கேபிள் மட்டும் கழன்றால், பின்னே இழுக்க இழுக்கப் படகு முன்னேதான் வேகம் பிடிக்கும். அதுவும் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை வெள்ளோட்டம். நாங்கள் இரண்டு பேர்தான்.

“மேல வால, சீட்டுல வந்து உக்காரு” என்றான்.

“மொத நாளு. கேபிளப் பாத்துக்கிட்டுக் கீழயே இருக்கேன்” என்றேன்.

“திருந்தவே மாட்ட” என்று சிரித்தான்.

போய்த் திரும்பினோம். படகுத்துறை நெருங்கும்போது ஆணி பாதி வெளியே வந்திருந்தது. மீதியை நான் விரலால் தள்ளினேன்.

எஞ்சின் உறுமியது. மேலே லீவரைப் பின்னே இழுக்கிறான் என்று புரிந்தது. அடுத்த நிமிஷம் தலைக்கு மேலே ஒன்று, இரண்டு, மூன்று. நாலே நாள்தான் அந்தச் சத்தம் கேட்காமல் இருந்தேன், ஐயா. அது எவ்வளவு இனித்தது என்று சொல்லத் தெரியவில்லை. கை கியரில்தான் இருந்தது. மறுபடியும் மூன்று மிதி. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று இருந்தது.

பிறகு குதிகால் முன்பக்கமாக ஓடியது. மனுவேல் சின்ன மீன்பிடி வள்ளத்தில் வளர்ந்தவன். வள்ளம் எதிலாவது மோதப்போனால் காலை நீட்டித் தள்ளிவிடுவோம், எங்கள் ஊரில் எல்லாருக்கும் அதுதான் பழக்கம். ஒன்பது டன் படகுக்கு அது ஆகாதுடா என்று நானே அவனை எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன். ஆகவே எங்கே ஓடுகிறான், எதற்கு ஓடுகிறான் என்று எனக்குத் தெரியும். நிறுத்தும் கம்பி என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. படகு அவனோடு சேர்ந்து துறையின் கல்சுவரில் இடித்த பிறகு அதை இழுத்தேன்.

அவன் அடக்கம் முடிந்த அன்று ஜெமிமா அழுதுகொண்டே ஒன்று சொன்னாள். ஜோன்ஸ் இனிமேல் மேலே என் பக்கத்தில்தான் இருப்பான், அவன் இல்லாமல் நான் படகை எடுக்கமாட்டேன் என்று மனுவேல் ஓனரிடம் ஒற்றைக்காலில் நின்றானாம். நல்ல பெண். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லியிருப்பாள். நேற்று அந்தச் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். என் கால் தளத்தில் சரியாகப் பதிந்தது. அதனால் என்ன, சுற்றிப் பார்க்க வருகிறவர்களிலும் குள்ளமானவர்கள் இருப்பார்களே.

துரோகம் செய்தது அவன். அதை முதலில் எழுதிவிட்டு, பிறகு என்னைப் பற்றி எழுதுங்கள். நான் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான். அவன் வாயால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

கூப்பிட்டானா என்று கேட்கிறீர்கள். கூப்பிட்டான், ஐயா. ஓடுவதற்கு முன்னால், கீழே இறங்கும் படிவாசலில் குனிந்து, தொண்டை கிழிய இரண்டு தடவை கூப்பிட்டான். மூன்றாவது தடவையும் கூப்பிட்டிருந்தால் கியரைத் தள்ளியிருப்பேன்.